எல்லாத்தையும் ரெண்டு தடவ சொல்ற அங்கிள்

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நம் ஊர்த் தமிழ்த் தொலைக்காட்சியில் ஒரு நீதிமன்றத் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. ஓடியது என்பது ஒரு பேச்சுக்குத்தான். அது நடந்துகூடப் போகவில்லை. உட்கார்ந்தது, எழுந்தது, யோசித்துவிட்டு மறுபடி உட்கார்ந்தது. அதைப் பற்றி யார் எங்கே குறை சொன்னாலும் அந்தக் குறை கடைசியில் என் வீட்டு வாசலில்தான் வந்து நிற்கும். ஏனென்றால் அதை அப்படி மெதுவாக்கியவன் நான்.

நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். பாதி வாழ்க்கை அதில் போயிற்று. வக்கீல் மலாயில் கேட்பார். நான் சாட்சிக்குத் தமிழில் சொல்வேன். சாட்சி தமிழில் பதில் சொல்வார். நான் மாஜிஸ்திரேட்டுக்கு மலாயில் சொல்வேன். மாஜிஸ்திரேட் அதைக் கையால் எழுதுவார். அவர் எழுதி முடித்துத் தலை நிமிரும்வரை யாரும் இருமக்கூட மாட்டோம். பிற்பாடு ஒலிப்பதிவுக் கருவியெல்லாம் வந்துவிட்டது. ஆனால் நான் வேலை பழகியது பேனாவின் காலத்தில்.

இந்த வேலையில் முக்கியமான விதி ஒன்று உண்டு. 'அவர் சொல்கிறார்' என்று சொல்லக்கூடாது. சாட்சி 'நான்' என்றால் மொழிபெயர்ப்பாளனும் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். இந்த மீசையோடு நான் எத்தனையோ முறை கர்ப்பமாக இருந்திருக்கிறேன். மாமியாரிடம் அடி வாங்கியிருக்கிறேன். செடெனாக் என்ற ஊரில் பக்கத்து வீட்டுக்காரனின் ஆட்டைத் திருடியிருக்கிறேன். அதே மதியம் ஆட்டைப் பறிகொடுத்தவனாகவும் நின்றிருக்கிறேன். சாட்சி அழுதால் அழலாம். நான் தடுமாறக்கூடாது, நிறுத்தக்கூடாது, சொந்தமாக ஒரு மூச்சு விடக்கூடாது.

அலுத்துப்போய்த்தான் முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டேன். வீட்டோடு இருந்த முதல் வாரத்தில் மனைவி, "என்ன சாப்பிடுறீங்க?" என்று கேட்டாள். பதிலை யாராவது சொல்வார்கள், நான் அதை மலாயில் சொன்னால் போதும் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் தொடரின் இயக்குநர் என்னைத் தேடி வந்தார். இளைஞர். காபியைத் தொடாமல் பேசினார்.

"சார், நம்ம நாடகத்துல கோர்ட்டுன்னா எல்லாரும் மேசையத் தட்டிக் கத்துறாங்க. எனக்கு நம்ம ஊரு கோர்ட்டு வேணும் சார். உள்ளது உள்ளபடி."

உள்ளது உள்ளபடி என்று கேட்டால் நான் எங்கே சும்மா இருப்பேன்? ஒவ்வொரு கேள்வியும் இரண்டு மொழியில் வர வேண்டும் என்றேன். மாஜிஸ்திரேட் எழுதும்போது எல்லாரும் காத்திருக்க வேண்டும் என்றேன். ஒரு பக்க வக்கீல் வராததால் வழக்கைத் தள்ளிவைப்பதும் வேண்டும் என்றேன். அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, கடைசியில், "அந்த வேஷத்த நீங்களே செஞ்சிடுங்க சார். நடிக்கவே வேணாம், நில்லுங்க, போதும்" என்றார். பாராட்டா இல்லையா என்று இன்றுவரை தெரியவில்லை.

தெப்ராவில் பூட்டிக் கிடந்த ஒரு கிடங்கில் பலகை அடித்து நீதிமன்றம் போட்டார்கள். சத்தம் வரும் என்று ஏர்கோன் கிடையாது. வெள்ளைச் சட்டை, கறுப்பு டை, முதுகில் ஒரு வியர்வை ஆறு.

கதையில் லாரி மோதி ஒரு மோட்டார்சைக்கிள்காரர் இறந்துபோகிறார். அவர் மனைவி சாட்சிக் கூண்டில் நிற்கிறாள். லாரிக்காரனின் வக்கீல் மலாயில் கேட்கிறார்: காலையில் உன் கணவர் சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் போனார், அப்படியானால் அவசரத்தில் இருந்தார், அவசரத்தில் வேகமாகத்தான் ஓட்டியிருப்பார், சரிதானே? நான் அதை அவளுக்குத் தமிழில் சொன்னேன். அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "அவரு எப்பவும் மெதுவாத்தான் போவாரு. நான்தான் திட்டுவேன், சீக்கிரம் போங்கன்னு."

அதை நான் மலாயில் சொல்ல வேண்டும். 'நான்தான் திட்டுவேன்' என்று, என் வாயால். வாயைத் திறந்தேன். வரவில்லை. அது நடிப்புப் பழகும் ஒரு சின்னப் பெண், கதை கற்பனை, கூண்டு பலகை, எல்லாம் தெரியும். இருந்தாலும் வரவில்லை. ஒரு மூச்சு இழுத்து விட்டேன். பிறகு சொன்னேன்.

இயக்குநர் 'கட்' சொல்லாமல் விட்டுவிட்டார். "சளி" என்றேன் நான்.

நீதிமன்றத்தில் நின்ற காலம் முழுக்க நான் சொன்னதெல்லாம் அடுத்தவர் பேச்சு. அந்த ஒரு மூச்சுதான் என்னுடையது. அது தொலைக்காட்சியில் வந்துவிட்டால் போதும் என்று நினைத்தேன். வேறு ஆசை இல்லை. எல்லாரும் பார்க்க வேண்டும், 'நல்லா செஞ்சே' என்று யாராவது ஒருவர் சொல்ல வேண்டும். சரி, இரண்டு ஆசை.

தொடர் தொடங்கியது. முதல் வாரமே ஜனங்கள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். தொடரின் இணையப் பக்கத்தில் வருகிற கருத்துகளை நான் காலையில் பல் துலக்கும் முன் படித்தேன், துலக்கும்போதும் படித்தேன். 'இதுதான்டா நம்ம ஊரு கோர்ட்டு' என்று ஒருவர். 'குக்கர் வெச்சு இறக்கிட்டு வந்தேன், அந்த வக்கீல் இன்னும் எந்திரிக்கல' என்று ஒரு அம்மா. 'என் டைவர்ஸ் கேஸ் இதவிட மெதுவா போச்சு, இது பரவால்ல' என்று இன்னொருவர். அவர் எனக்கு ஆதரவா எதிர்ப்பா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். பிறகு ஒன்று வந்தது: 'அந்தக் கண்ணாடி போட்ட அங்கிள் ஏன் எல்லாத்தையும் ரெண்டு தடவ சொல்றாரு?' அதற்கு மட்டும் சிரிப்பு முகங்கள் வரிசை கட்டி நின்றன.

மனைவியின் ரத்த அழுத்தக் கருவியை எடுத்துக் கையில் கட்டிப் பார்த்தேன். அது காட்டிய எண் பிடிக்காமல் அடுத்த கையில் கட்டினேன். கொலை வழக்கில்கூட அசையாமல் நின்றவன், முகம் தெரியாத ஒருவன் 'அங்கிள்' என்றதற்குச் சோபாவில் சாய்ந்து, "ஃபேன கூட்டு" என்றேன். கொஞ்சம் தெளிந்ததும் மனைவியின் கைப்பேசியை எடுத்து, அவள் பெயரிலேயே, 'தொடர் ஆழமாகச் செல்கிறது, குறிப்பாக மொழிபெயர்ப்பாளர் அருமை' என்று எழுதிப் போட்டேன். சாயங்காலம் அவளுடைய தோழி ஒருத்தி போனில் அழைத்து, "என்னடி, வீட்டுக்காரர் மேல திடீர்னு இவ்வளவு பாசம்?" என்று கேட்டாளாம். மனைவி என்னைப் பார்த்த பார்வைக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

வீட்டுக்குள்ளும் கட்சி பிரிந்தது. மகள் கைப்பேசியில் வேகத்தைக் கூட்டி வைத்துப் பார்த்தாள். "ஒண்ணரை மடங்குல வெச்சாத்தான்பா நீங்க சாதாரணமா பேசுறீங்க" என்றாள்.

எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி மனைவியின் அக்கா வீடு. அக்காவும் அவர் கணவரும், அதாவது என் சகலையும், ஞாயிறு மாலை எங்கள் வீட்டுக்கு வந்துதான் தொடரைப் பார்ப்பார்கள். சகலைக்குச் சிங்கப்பூரில் வேலை. விடியும் முன் கிளம்பி, எல்லைப் பாலத்து நெரிசலில் நின்று, இருட்டிய பிறகு மறுபடி பாலத்தில் நின்று வீடு வருகிற மனுஷன்.

"வாரம் பூரா நான் ஜாம்ல நிக்கிறது பத்தாதா சகல? ஞாயித்துக்கெழம வீட்டுல உக்காந்தும் ஜாமா?" என்பார்.

"அண்ணே, கோர்ட்டு அப்படித்தான் இருக்கும்."

"கோர்ட்டு அப்படித்தான் இருக்கும்னா நான் கோர்ட்டுக்கே போய்ப் பாக்குறேன் லா. அங்க வெளம்பரமாச்சும் வராது."

அக்காதான் அவருக்கு எதிர்க்கட்சி. காலையில் பள்ளி வாசலில் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு விற்பவர். தொடர் ஓடும்போது தரையில் காகிதம் விரித்து, மறுநாள் அதோடு வைக்கிற சம்பாலுக்கு நெத்திலியின் தலையைக் கிள்ளிக்கொண்டிருப்பார். கண் ஒரு முறைகூடத் திரைக்கு வராது.

"எனக்கு இந்த நாடகம்தான் பிடிச்சிருக்கு தம்பி. ஒரு தடவ விட்டாலும் நீ மறுபடி சொல்லிடுற. கண்ணு நெத்திலியில இருந்தாலும் கேசு காதுல போயிடுது" என்பார். தொடரைப் பற்றி நான் கேட்ட பாராட்டிலேயே பெரியது அதுதான். அதில் பாதி நெத்திலிக்குப் போய்விட்டது, பரவாயில்லை.

சாட்சிக் கூண்டுக் காட்சி வரவிருந்த வாரத்தில் இயக்குநர் போன் செய்தார்.

"சார், ஒண்ணு சொல்லணும். ரொம்ப மெதுவா போகுதுன்னு எல்லாரும் சொல்றாங்க. மேல இருந்து கொறைக்கச் சொல்லிட்டாங்க. இந்த வாரத்துலேருந்து உங்க கொரல எடுத்துட்டுக் கீழ எழுத்து போட்டுடறோம்."

"எடுத்துடுங்க தம்பி. நல்லாத்தான் இருக்கும்" என்றேன். எவ்வளவு கம்பீரம். பிறகு, "அந்தக் கூண்டு சீன்ல ஒரு மூச்சு விட்டேனே, அது?" என்று கேட்டேன்.

"எந்த மூச்சு சார்?"

"ஒண்ணுமில்ல தம்பி. சளி."

போனை வைத்துவிட்டு இரண்டு கையிலும் கருவியைக் கட்டிப் பார்த்தேன். எண் சாதாரணமாகத்தான் இருந்தது. அதுவும் என் பக்கம் இல்லை. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. ஒருவேளை மறந்து விட்டுவைத்திருப்பார்கள் என்று ஒரு நப்பாசை. முட்டாள்தனத்துக்கும் நப்பாசைக்கும் நடுவே எனக்கு எப்போதும் நிரந்தரமாக ஓர் இடம் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அக்கா நெத்திலியோடு தரையில் உட்கார்ந்தார். சகலை சோபாவில் காலை நீட்டினார். மனைவி டீ கொண்டுவந்து வைத்தாள். தொடர் ஆரம்பித்தது. பலகைக் கூண்டில் அந்தப் பெண் நின்றாள். வக்கீல் மலாயில் கேட்டார். கீழே தமிழில் எழுத்து ஓடியது. அவள் உடனே தமிழில் பதில் சொன்னாள். மாஜிஸ்திரேட் எழுதவே இல்லை. நான் ஒரு ஓரத்தில், பாதித் தோளும் ஒரு காதுமாக நின்றேன். வாய் அசைந்ததா என்றுகூடத் தெரியவில்லை. பின்னால் வயலின் மாதிரி ஏதோ ஒன்று அழுதது.

"இன்னைக்குப் பரவால்லியே. நல்லா வேகமா போகுது" என்றார் சகலை.

மனைவி என்னைப் பார்த்தாள். நான் டீயைப் பார்த்தேன்.

"தம்பி" என்றார் அக்கா, தலை நிமிராமல். "என்ன, இன்னைக்கு நீ பேசவே இல்ல? அந்த வக்கீலு பேசுற கோர்ட்டு மலாய் எனக்குப் புரியல, என்ன கேக்குறான்?"

"கீழ எழுத்துல வருதுக்கா."

"எழுத்த யாரு பாக்குறா? கை பூரா நெத்திலி. சொல்லு."

எனக்கு அலுப்பாக இருந்தது. உண்மையாகவே அலுப்பு, எலும்பு வரை. இதிலிருந்துதானே ஓய்வு வாங்கினேன். ஆனால் யாராவது 'என்ன கேக்குறான்' என்று கேட்டால் என் முதுகு தானாக நிமிர்ந்துவிடும். அதற்கு இன்னும் ஓய்வு கிடைக்கவில்லை. திரையில் வக்கீல் அந்தக் கேள்விக்கு வந்துவிட்டார். நான் அக்கா பக்கம் திரும்பி, நீதிமன்றக் குரலில் சொன்னேன்: "உங்கள் கணவர் சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் போனார். அப்படியென்றால் அவசரம். அவசரம் என்றால் வேகமாகத்தான் ஓட்டியிருக்கிறார். சரிதானே?"

அக்காவின் கை நின்றது. முதல் முறையாகத் தலையை நிமிர்த்தி, திரையை அல்ல, என்னைப் பார்த்தார்.

"சோத்த மறந்தா வேகமா போனாருன்னு அர்த்தமா? இந்தா உக்காந்திருக்காரே இந்த மனுசன், வாரத்துல மூணு நாளு நான் கட்டி வெச்ச சோத்த மேசையிலயே விட்டுட்டுப் போறாரு. விடியறதுக்கு முன்ன எந்திரிச்சு, தூக்கக் கலக்கத்துல போற மனுசனுக்கு அவசரமாம். அவரு வர்ற வரைக்கும் போன பாத்துக்கிட்டே உக்காந்திருக்கேன், எனக்குத் தெரியாதா? போய்ச் சொல்லு உங்க வக்கீலுகிட்ட."

போய்ச் சொல்லு என்றார் அல்லவா. பழக்கம் விடவில்லை. சகலை பக்கம் திரும்பினேன். அக்கா சொன்னதை மலாயில் சொல்ல வாயைத் திறந்தேன். 'நான் போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன்' என்கிற இடத்துக்கு வந்ததும் நின்றுவிட்டது. ஒரு மூச்சு இழுத்து விட்டேன். பிறகு மிச்சத்தையும் சொன்னேன்.

சகலை காலை மடக்கிக்கொண்டார்.

"எனக்கு எதுக்கு மலாய்ல சொல்ற சகல? தமிழ்லயே கேட்டுடுச்சு" என்றார்.

அதற்குள் திரையில் விளம்பரம் வந்துவிட்டது. அந்தப் பெண் என்ன பதில் சொன்னாள், நான் ஓரத்தில் எப்படி நின்றேன், எதையும் யாரும் பார்க்கவில்லை. நானே பார்க்கவில்லை.

"அந்தப் பொண்ணு என்ன சொல்லுச்சு?" என்றார் அக்கா.

மனைவி ரிமோட்டைக் கையில் எடுத்தாள். "பின்னாடி ஓட்டவா?"

"அலமாக், ஐயோ" என்றார் சகலை, முகத்தைத் தடவிக்கொண்டு. பெருமூச்சு விட்டார். "சரி, ஓட்டு. வக்கீலு எந்திரிக்கிற எடத்துலேருந்தே போடு. இவன் சொல்லட்டும்."

அக்கா இன்னொரு பிடி நெத்திலியை அள்ளிக் காகிதத்தில் போட்டார். நான் டீயை ஒரு வாய் குடித்து, தொண்டையைச் செருமி, சோபாவின் நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தேன்.