கட்டிலுக்கு வந்த கடற்கரை

நில அளவையாளன் அளக்கிற நிலம் ஊராருக்கு. அவன் சோற்றில் விழுகிற நிலம் மட்டும் அவனுக்கு. கூடாரத்தில் குடித்தனம் நடத்திய சக பாவிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

ஐம்பதுகளின் கடைசியில் முல்லைத்தீவுக்குத் தெற்கே, கடலோரத் தென்னங்காணிகளை அளக்க என்னை அனுப்பினார்கள். வெறும் மணல்மேல் கூடாரம். வைகாசியில் கலியாணம் முடித்திருந்தேன். பெண்டாட்டி பரமேஸ்வரியை அங்கே கூட்டிப்போகக் கேட்டபோது சாவகச்சேரியில் அவளுடைய தாய், என் மாமி, நெடுநேரம் யோசித்தார். கடைசியில், "ஆடிப்பிறப்பு வரைக்கும் இருந்து பாக்கட்டும், தம்பி. ஏலாதெண்டால் பிள்ளை இஞ்சை நிக்கட்டும், நீங்கள் லீவிலை வந்து போங்கோ" என்றார்.

கூட்டச் சொன்னேன்

அவள் வருவதற்கு முன் கூடாரத்தைத் துப்பரவாக்க வேண்டுமே. எங்கள் முகாம் வாடியில் சமையலும் எடுபிடியும் தண்ணீரூற்று ஊர்ச் சின்னத்தம்பிதான். கால் வைத்தால் மண் ஒட்டாத மாதிரிக் கூட்டி வைக்கவேண்டும் என்று அவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். மனிதர் தும்புத்தடியை எடுத்தவர், காலையும் மாலையும் விடாமல் கூட்டினார்.

சில நாளில் எனக்கு ஒரு சந்தேகம். கட்டிலில் இருந்தால் கால் நிலத்தில் படவில்லை. கூடாரத்துக்குள் வரும்போது ஒரு படி இறங்குகிற மாதிரி இருந்தது. ஒருநாள் வேலை முடிந்து வந்தால், கூடாரச் சீலை விளிம்புக்கும் நிலத்துக்கும் இடையில் விழுந்த இடைவெளியால் நுழைந்த ஓர் ஆட்டுக்குட்டி என் தலையணையில் நித்திரை. சின்னத்தம்பியைக் கூப்பிட்டு இது என்ன கோலம் என்று கேட்டேன். அவர் தும்புத்தடியைச் சாத்திவிட்டு அமைதியாகச் சொன்னார்: "நீங்கள் மண் இல்லாமல் கூட்டச் சொன்னனீங்கள் ஐயா. நானும் மண் முடியுமெண்டுதான் பாத்துக்கொண்டிருக்கிறன்."

வாளியும் செம்பும்

பரமேஸ்வரி வந்த அன்றே வாசலில் ஒரு வாளி தண்ணீரும் செம்பும் வைத்தாள். வெளியே போய் வந்தால் கால் கழுவாமல் வீட்டுக்குள் வரக்கூடாது. வீடு சீலையால் ஆனது என்பதற்காக முறை மாறுமா? நாங்கள் எல்லாரும் பக்தியோடு கால் கழுவினோம். கழுவிய ஈரக்காலோடு வாளியிலிருந்து வாசலுக்கு மணலில் நடந்தோம். கணுக்கால் வரை மணல் காலுறை போட்டுக்கொண்டு உள்ளே போனோம். மண் கூடக் கூட அவள் கூடுதலாகத் தண்ணீர் வைத்தாள். காணியின் மூலை முடுக்கெல்லாம் பிசகாமல் கணக்குப் பார்க்கிற எனக்கும் இது பிடிபடவில்லை என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன்.

மீன் கொண்டுவரும் செபமாலையம்மாவை ஒருநாள் அவள் அன்பாக உள்ளே வந்து இருக்கச் சொல்லி, வாளியையும் காட்டினாள். அந்த அம்மா எங்கள் கால்களைப் பார்த்தார். வாளியைப் பார்த்தார். தன் காய்ந்த பாதங்களை ஒன்றோடொன்று தட்டிக்கொண்டார். "கோவிக்காதை பிள்ளை. கழுவினால் கடற்கரையையும் கூட்டிக்கொண்டெல்லோ வரவேணும். நான் தனியவே வாறன்."

மெழுகிய நிலம்

அதற்காகப் பரமேஸ்வரி வாளியை அகற்றவில்லை. நிலத்தைத்தான் திருத்தப் புறப்பட்டாள். சின்னத்தம்பி சைக்கிளில் சாக்கு நிறையச் சாணி கொண்டுவந்தார். அவள் முழங்காலில் நின்று கூடாரம் முழுக்க மெழுகினாள். காய்ந்தபோது ஊர் வீட்டு அறை மாதிரியே இருந்தது. அவள் முகத்தில் அப்படியொரு மகிழ்ச்சியை நான் அங்கே முதல்முதலாகக் கண்டேன். எனக்கும் மாமியை வென்றுவிடலாம் என்று நம்பிக்கை வந்தது.

அன்றைக்கென்று மேலதிகாரி வேலையைப் பார்வையிட வந்தார். கொஞ்சம் பாரமான மனிதர். நிலத்தைப் பார்த்து மெச்சியபடி கதிரையில் அமர்ந்தார். மெழுக்கு அப்பளம் மாதிரி நொறுங்கி, கதிரைக் கால்கள் நான்கும் மெல்ல மணலுக்குள் இறங்கின. முழங்கால் நெஞ்சுக்கு வந்தும் தேநீர்க் கோப்பையைச் சிந்தாமல் பிடித்திருந்தார். பரமேஸ்வரிக்குக் கண் கலங்கிவிட்டது. அதைக் கண்ட அவர் ஒன்றும் நடவாததுபோல இன்னொரு மிடறு குடித்தார். "தேத்தண்ணி நல்லாயிருக்கு பிள்ளை. குடிச்சு முடிய ஆரெண்டாலும் என்னை ஒருக்காத் தூக்கி விடுங்கோ."

நறநற

பிறகு சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று எழும்பியது. சீனியில் மண், தலைமயிரில் மண், பிட்டில் மண். மாலையில் படுக்கை விரிப்பை ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து, காற்றுக்குக் குறுக்கே நின்று உதறுவோம். உதறியதில் பாதி திரும்பி வரும். ஒருவர் கண்ணில் விழுந்ததை மற்றவர் ஊதி எடுப்பார். சொன்னால் சிரிப்பீர்கள், நாள் முழுக்க நான் அந்த நேரத்துக்காகத்தான் காத்திருந்தேன்.

சாப்பிடும்போது பல்லில் நறநறவென்று கேட்கும். அவள் மனம் நோகக்கூடாதென்று நான் மெல்லாமலே விழுங்கப் பழகினேன். ஆடி நெருங்க நெருங்க ஒரு சொல்லும் குறை சொல்லாமல் விழுங்கினேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு ஒருநாள் சொன்னாள்: "கடிச்சுச் சாப்பிடுங்கோ. எனக்கும் கேக்குது, உங்களுக்கும் கேக்குது, பேந்து ஆருக்கு ஒளிக்கிறியள்?"

ஆடிப்பிறப்பு

ஆடிப்பிறப்புக்கு அவளை உடுப்புகள் அடங்கிய றங்குப்பெட்டியோடு சாவகச்சேரியில் விட்டுவிட்டு, கூழும் கொழுக்கட்டையும் சாப்பிட்டு நான் தனியே திரும்பினேன். வருவாயா என்று கேட்க வாய் வரவில்லை. அவளும் சொல்லவில்லை. கூடாரம் துப்பரவாக இருந்தது. விரிப்பை ஒருவனாகப் பிடித்து உதற முடியாது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. வாளியில் தண்ணீர் நிரப்பி வைத்து, யாரும் பாராவிட்டாலும் கால் கழுவிக்கொண்டே உள்ளே போனேன்.

ஒருநாள் பின்னேரம் முல்லைத்தீவு பஸ்ஸால் வந்து இறங்கிய பெட்டியைச் சின்னத்தம்பி தலையில் சுமந்து வந்தார். பின்னால் பரமேஸ்வரி. வாசலில் நின்று, முறைப்படி கால் கழுவி, முறைப்படி மண்ணோடு உள்ளே வந்து கட்டிலில் இருந்தாள். மாமி என்ன சொன்னார் என்று மட்டும் கேட்டேன். அவள் விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்து, மற்ற இரண்டையும் என்னிடம் நீட்டினாள். "அங்கை படுக்க முதல் விரிப்பை உதறினன், ஒண்டும் விழேல்லை. ஆரோ வேறை ஆக்களின்ரை வீட்டுக்கு வந்திட்டனெண்டு நினைச்சன்."

ஊர் ஊராக நிலம் அளந்து எல்லாருக்கும் எல்லை போட்டுக் கொடுத்த எனக்குக் கடைசியில் பங்காகக் கிடைத்தது இரண்டு பேர் பிடித்து உதற ஒரு பிடி மண்தான், அதில் எனக்கு ஒரு வழக்கும் இல்லை.