முந்நூற்றுப் பதினேழாம் நம்பர் பெட்டி

ராஜமாணிக்கம் அண்ணனை நான் வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன். அதை மறைத்துவிட்டு அவரைப் பற்றி எழுதினால் அது பொய்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் காருக்கு உதிரிபாகம் செய்கிற கம்பெனி எங்களுடையது. முன்பெல்லாம் சரக்கு அட்டைப்பெட்டியில்தான் போகும், வரும். பிரித்த அட்டையும் தெர்மாகோலும் ஏரிக்கரையில் மலையாகக் கிடக்கும். யாராவது கொளுத்திவிட்டால் ரெண்டு நாள் புகையும்.

மூன்று வருஷத்துக்கு முன் நீலப் பிளாஸ்டிக் பெட்டிகள் வந்தன. சரக்கோடு கார் கம்பெனிக்குப் போகும், காலியாகத் திரும்பும், கழுவி மறுபடி அனுப்ப வேண்டும். மொத்தம் நானூறு, ஒவ்வொன்றுக்கும் நம்பர். கழுவ நாங்கள் ஐந்து பெண்கள். எண்ணி வாங்கி, எண்ணி அனுப்புகிறவர் ராஜமாணிக்கம். பொன்னேரிப் பக்கம் அறுப்பு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த மனுஷர்.

பெட்டி உறுதியான பெட்டி. அதுதான் வினையாகப் போயிற்று. தண்ணீர் பிடிக்க, அரிசி கொட்டி வைக்க என்று ஆளுக்கொன்றாக வீட்டுக்கு எடுத்துப் போனோம். திருட்டு என்று யாருக்கும் தோன்றவில்லை. அட்டைப்பெட்டியை எடுத்துப் போனபோது யாராவது கேட்டார்களா என்ன?

இந்த ஜனவரியில் மேனேஜர் துளசிராமன் எங்களைக் கூப்பிட்டார். மாசக் கடைசியில் கார் கம்பெனிக்காரர்கள் எண்ண வருகிறார்கள், நானூறும் இல்லையென்றால் பழையபடி அட்டைதான், கழுவுகிற பிரிவை மூடிவிடுவோம் என்றார்.

அன்றிலிருந்து ராஜமாணிக்கம் வீடு வீடாக ஏறினார். என் வீட்டுக்கும் வந்தார். பெட்டிக்குள் உட்கார்ந்து குளித்துக்கொண்டிருந்த என் பிள்ளையைத் தூக்கி என் கையில் கொடுத்துவிட்டுத் தண்ணீரைக் கவிழ்த்தார்.

"இன்னாண்ணா, ஒனக்கு மனசே கெடையாதா?" என்று கத்தினேன்.

"ஏஞ்சலு, வேல போச்சின்னா ஆறு பேரும் ரோட்லதான் நிக்கணும். ஒடைஞ்சிருந்தாலும் துண்டப் பொறுக்கினு வந்து குடுக்கணும். எல்லாருக்கும் அதான் சட்டம்."

முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது சேர்ந்துவிட்டது. 317 மட்டும் இல்லை.

"அது ஒடைஞ்சி போச்சி சார்" என்றார் ராஜமாணிக்கம்.

"துண்டு எங்க?" என்றார் துளசிராமன்.

அவர் திரும்பிப் போய்ப் பெட்டிகளை மறுபடி எண்ண ஆரம்பித்தார். எனக்கு உள்ளுக்குள் குஷியாக இருந்தது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

எண்ண வருகிற அன்று காலை, பொன்னேரி ரயிலில் இறங்கி, தோளில் நீலப் பெட்டியோடு கேட்டுக்கு வந்தார். ஷிப்ட் மாறுகிற நேரம். அவரிடம் திட்டு வாங்கிய அத்தனை பேரும் அங்கேதான் நின்றிருந்தோம். யாரும் கேட்காமலே அவர் பேசினார்.

"எங்கூட்லதான் இருந்திச்சி. முத்தம்மா படுத்த படுக்கையா இருந்தப்போ எட்த்துகினு போனேன். கட்டில் ஓரமா அது தலைய வச்சி, இதுலதான் அலசி வுடுவேன்."

முத்தம்மா அவர் மனைவி. போன ஆடியில் இறந்துபோனார். அதற்கப்புறம் அந்தம்மாவின் புடவைகளை அந்தப் பெட்டியில்தான் அடுக்கி வைத்திருந்தாராம்.

"பொடவைங்கள இன்னாண்ணா பண்ண?" என்று கேட்டேன்.

"கட்டில் மேல வச்சிட்டு வந்தேன்."

பெட்டியை நான்தான் கழுவ வாங்கினேன். கைப்பிடிக்கு அடியில் விரல் விட்டுத் தேய்த்தபோது நீளமாக ஒரு நரைமுடி வந்தது. பைப்பை நிறுத்திவிட்டு அவரிடம் நீட்டினேன். வாங்கி, விரலில் சுற்றி, சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"கழுவும்மா, எண்ணுறவங்க வந்துட்டாங்க" என்றார்.

நானூறும் சரியாக இருந்தது. எங்கள் வேலை பிழைத்தது. மத்தியானமே 317-இல் சரக்கு அடுக்கி லாரியில் ஏற்றிவிட்டார்கள்.

பத்துப் பன்னிரண்டு நாளைக்கு ஒரு தடவை அது திரும்பி வரும். வந்தால் நாங்கள் யாரும் தொடுவதில்லை. அவர்தான் கழுவுவார்.