எனக்குத் தெரியாத தெலுங்கு

தொண்ணூற்றொன்றில் எங்கள் மண்ணூருக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு அக்கா வந்தார். வீட்டில் தெலுங்கும் பள்ளியில் தமிழும் பேசுகிற பிள்ளைகள் இரண்டையும் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பது அவருடைய ஆராய்ச்சி. எங்கள் தெருவில் ஐந்தாறு வீடுகள் அப்படி. எந்த மொழியில் சண்டை பிடித்தால் ஜெயிக்கலாமோ அந்த மொழிக்குத் தாவிவிடுவோம். இதில் ஆராய என்ன இருக்கிறது என்று பெரியவர்களுக்கு விளங்காததால், இது ஏதோ பரீட்சை என்று முடிவுகட்டினார்கள். பாஸானால் டவுன் பள்ளிக்கூடத்தில் இடம் என்று யாரோ கிளப்பிவிட, அப்பா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

அப்பாவுக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை. அவருடைய தமிழில் லேசாகத் தெலுங்கு வாடை அடிக்கும். கூட வேலை செய்கிறவர்கள் அதைப் பேசிக்காட்டிச் சிரிப்பார்கள். மகளுக்கு அந்தச் சிரிப்பு வேண்டாம் என்று ஒரு வாரம் எனக்குப் பயிற்சி கொடுத்தார். பரீட்சையில் தெலுங்கே தெரியாது என்று சொல்ல வேண்டும், அப்போதுதான் பாஸ். அதை அவர் சொல்லிக்கொடுத்தது தெலுங்கில்தான்.

இந்த ஏற்பாட்டை அம்மாவிடம் சொல்ல எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. அம்மா ஆந்திராவில் நகரிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். கடைக்குப் போனால் தமிழில் கேட்கக் கூச்சப்பட்டுப் பொருளைக் கைகாட்டி வாங்குவாள்.

ஞாயிற்றுக்கிழமை அந்த அக்கா டேப் ரெக்கார்டரோடு வீட்டுக்கு வந்தார். கொடியில் காயும் புடவையை ஆடு மேய்கிற படம் ஒன்றைக் காட்டினார். நான் தமிழில் கதை சொன்னேன். இதையே அம்மாவிடம் சொல்கிற மாதிரி தெலுங்கில் சொல் என்றார்.

"எனக்குத் தெலுங்கு தெரியாது."

அவர் கையிலிருந்த பெயர்ப் பட்டியலைப் பார்த்தார், பிறகு அடுப்படியில் நின்ற அம்மாவிடம் தெலுங்கிலேயே பேசினார். படித்த ஒருத்தி வீடு தேடி வந்து தன் மொழியில் பேசியதும் அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. நான் எப்போதும் தெலுங்கில் வாயடிப்பேன் என்று பெருமையாகச் சொன்னாள். என் பக்கம் திரும்பி, நேற்று தனக்குச் சொன்ன கதையைச் சொல்லச் சொன்னாள்.

எனக்கு உயிரே போயிற்று. டவுன் பள்ளிக்கூடம் கைநழுவப் போகிறது. அதனால் அம்மாவை, யாரோ ஒருத்தி என்னமோ உளறுகிறாள் என்பதுபோல் வெறித்துப் பார்த்தேன். அதை நன்றாகவே செய்தேன்.

அம்மாவின் சிரிப்பு நின்றது. கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு அந்த அக்காவிடம் ஒவ்வொரு வார்த்தையாகத் தேடித் தேடித் தமிழில் சொன்னாள்.

"சும்மா சொன்னேம்மா. அவளுக்குத் தெலுங்கு வராது. நானும் அவளும் தமிழ்லதான் பேசிக்கினு இருப்போம்."

அந்த அக்கா என் பெயரை அடித்துவிட்டு, ஒரு பென்சிலைக் கொடுத்துப் புறப்பட்டார். தெலுங்கு தெரியும் என்று ஒத்துக்கொண்ட மற்ற பிள்ளைகள் நாலு நாள் டேப்பில் தங்கள் குரலைக் கேட்டுக் கும்மாளம் போட்டார்கள், பிஸ்கட்டும் தின்றார்கள். அப்பா மட்டும் எதிர்வீட்டுக்காரரிடம் மார்தட்டிக்கொண்டார்.

"எம் பொண்ணுதான் பரீட்சைய மொதல்ல முடிச்சுச்சு."

டவுன் பள்ளிக்கூடத்திலிருந்து யாரும் கூப்பிடவில்லை. ஆனால் அன்றிலிருந்து அம்மா என்னிடம் தமிழில் மட்டும் பேச ஆரம்பித்தாள். ஏகப்பட்ட தப்பு வரும். நான் டீச்சர் மாதிரி திருத்துவேன், அவளும் மறுபடி சரியாகச் சொல்லிப் பார்ப்பாள். அவளுக்குத் திடீரென்று தமிழ் மேல் ஆசை வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். என்னைப் பொய்க்காரி ஆக்கக் கூடாதென்று தான் சொன்ன பொய்யை அவள் தினமும் உண்மையாக்கிக்கொண்டிருந்தாள். அப்பா ஷிப்டுக்குப் போன பிறகு, அந்த வீட்டில் தெலுங்கு பேச அவளுக்கு என்னை விட்டால் ஆளே இல்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை.