கலர் டாக்டரின் கண்

ஸ்டுடியோவில் என் வீட்டுக்காரருக்குப் பெயரே கலர் டாக்டர். கல்யாணப் படத்தில் மணப்பெண்ணின் முகம் எப்படிச் செத்துப்போயிருந்தாலும் கணினியில் உட்கார்ந்து உயிர் கொடுத்துவிடுவார். யாராவது பாராட்டினால் இவர் காது சிவந்துவிடும்; அதைத் திருத்த மட்டும் தெரியாது.

திருத்திய படங்களை வாடிக்கையாளர்களுக்கு அனுப்புகிற வேலை என் தம்பிக்கு. முதலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடி அதை வாங்கிக் கொடுத்ததும் இவர்தான்.

ஒரு கட்டத்தில் புகார்கள் வர ஆரம்பித்தன. முகமெல்லாம் சோகை பிடித்தமாதிரி இருக்கிறதாம். அவர்கள் போனை நீட்டினால் இவருக்கும் அப்படித்தான் தெரிந்தது. தன் திரையில் நன்றாகத்தானே இருந்தது என்று குழம்பிப்போனார்.

"திருத்தும்போது உங்க கண்ணு ஏமாத்துது மாமா. வயசாகுதில்ல?" என்றான் தம்பி, ரொம்ப அக்கறையாக.

கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றார் கண் டாக்டர். இவர் நம்பவில்லை. மச்சான் சொன்னதுதான் வேதவாக்கு. நாற்காலியை அவனுக்கே விட்டுக்கொடுத்துவிட்டு ஆல்பம் ஒட்டும் மேசைக்குப் போய்விட்டார். புகாரும் நின்றுபோனது. வீட்டில் தக்காளி பழுத்திருக்கிறதா என்றுகூட என்னைத்தான் கேட்பார்.

போன வாரம் தான் முன்பு திருத்திய கல்யாணப் படம் ஒன்றை வீட்டுக் கணினியில் திறந்தார். திருத்தும் மென்பொருளில் பெண்ணின் முகம் பளிச்சென்று இருந்தது. பக்கத்திலேயே சும்மா படம் பார்க்கிற மென்பொருளில் வெளிறிக் கிடந்தது. ஒரே படம், ஒரே திரை.

"எனக்கும் ரெண்டும் வேற வேறயாத்தாங்க தெரியுது," என்றேன்.

உட்கார்ந்து தேடித் தேடிப் படித்துவிட்டுச் சொன்னார். படம் என்பது வெறும் எண்கள். எந்த எண்ணை எந்த நிறமாகக் காட்டவேண்டும் என்று ஒரு குறிப்பு கூடவே போகும். அதைப் படிக்கிற மென்பொருள் சரியாகக் காட்டும். படிக்காதது தன் இஷ்டத்துக்குக் காட்டும். எல்லாத் திரைக்கும் பொதுவான நிற அளவுக்கு மாற்றி அனுப்பினால் வம்பே இல்லை. மாற்ற வேண்டியவன் அனுப்புகிறவன்.

நேரே ஸ்டுடியோவுக்குப் போனோம்.

"உனக்கு இது தெரியுமாடா?" என்று கேட்டேன்.

"நான் படிச்ச கோர்ஸ்ல முதல் பாடமே அதுதான்கா."

"அப்புறம் ஏன்டா கண்ணு போச்சுன்னு சொன்ன?"

"பின்ன நான் எப்பதான் இந்த சீட்ல உக்காருறது?"

வாய்க்கு வந்தபடி திட்டினேன். கூடப்பிறந்தவன் என்று சொல்லவே வயிறு எரிகிறது. இவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"கண் டாக்டர்கிட்ட என் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனது நீதானே மாப்ள?"

அவன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த முதலாளி, மறுநாளிலிருந்து பழைய நாற்காலியிலேயே உட்காரச் சொல்லி இவரை வழியனுப்பினார். தெருமுனையில் சாலையைக் கடக்க நின்றோம். எதிரே பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பச்சை விழுந்திடுச்சாம்மா?" என்று கேட்டார்.