கார்டன் ரீச் ஐயாவுக்கு ஒரு சால்வை

இரண்டாயிரத்தைத் தாண்டிய அந்த வருடங்களில் அலிப்பூரில் ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்டாக இருந்தேன். மதியம் ஒரு மணிக்கு அவர் வீட்டுக்குச் சாப்பிடப் போவார், இரண்டு மணிக்கு வருவார். அந்த ஒரு மணி நேரம் அலுவலகத்தின் ஒரே கம்ப்யூட்டரும் அதிலிருந்த இன்டர்நெட்டும் என்னுடையவை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கம்ப்யூட்டரைத் தொட்ட முதல் ஆளும் நான்தான் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்லிக்கொள்வேன்.

கொல்கத்தாத் தமிழர்களுக்கென்று இருந்த ஒரு விவாதக் குழுவில் அப்படித்தான் சேர்ந்தேன். பெயர் கேட்ட கட்டத்தில் கை நின்றது. "முன்னப் பின்னத் தெரியாதவங்ககிட்ட பேரச் சொல்லிடாதடி" என்று அம்மா சொல்லியிருந்தாள். எனவே நாங்கள் குடியிருந்த இடத்தின் பெயரைப் போட்டேன்: கார்டன் ரீச்.

குழுவில் இருந்தவர்கள் பெரும்பாலும் மாற்றலாகி வந்த மத்திய அரசு, துறைமுகம், வங்கி ஆட்கள். அவர்கள் மனிதர்களைப் பெயரால் அறிவதில்லை, பதவியால் அறிவார்கள். 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை எழுதினாலும் அதன் கீழே பதவி, துறை, ஓய்வு பெற்ற விவரம் என்று நான்கு வரி வரும். எதையுமே போடாமல் 'கார்டன் ரீச்' என்று மட்டும் எழுதும் ஒருவர், சொல்லத் தேவையே இல்லாத அளவுக்குப் பெரிய பதவியில்தான் இருக்க வேண்டும். ரயில்வே தலைமை அலுவலகம் இருக்கும் இடமாயிற்றே! ஒரு வாரத்தில் நான் 'ஐயா' ஆனேன். என் அப்பா அங்கே ஸ்டோர்ஸில் கலாசி. லாரியில் சாமான் ஏற்றி இறக்குவது அவர் வேலை.

எனக்கு இது புரிந்தது, ஒருவர் தனியாக எழுதிய கடிதத்தைப் படித்தபோதுதான். அவருடைய மாப்பிள்ளை கரக்பூர் ரயில்வேயில் இருக்கிறாராம், ஐயா மனது வைத்தால் கொல்கத்தாவுக்கு வந்துவிடுவாராம். என்ன எழுதுவதென்று தெரியாமல், வக்கீல் ஆபீஸில் தினமும் அடிக்கும் வாக்கியத்தையே எழுதினேன்: 'உரிய வழியில் விண்ணப்பிக்கவும்.' இவ்வளவு வறட்சியாக ஓர் அதிகாரியால்தான் எழுத முடியும் என்று அவருக்கு நம்பிக்கை உறுதியாகிவிட்டது. இரண்டு மாதத்தில் மாப்பிள்ளைக்கு எப்படியோ மாற்றல் வந்தது. 'எல்லாம் ஐயா போட்ட பிச்சை' என்று குழுவிலேயே எழுதிவிட்டார்.

அங்கே நடந்த விவாதங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு நாள் ஒரு குடும்பத் தலைவி, தெற்குக் கொல்கத்தாவில் நல்ல புளி எங்கே கிடைக்கும் என்று கேட்டார். இரண்டாவது பதிலில் ஒருவர், இங்கேயே வளர்ந்த பெண்கள் சாம்பாரில் சர்க்கரை போடுவதாக வருத்தப்பட்டார். ஐந்தாவது பதிலில் சர்க்கரைக்கும் வெல்லத்துக்கும் சண்டை. பத்தாவதில், சர்க்கரை போடுபவர் தமிழரா என்ற கேள்வி வந்தது. இருபதாவதில் ஒருவர், மானமுள்ளவன் இந்தக் குழுவில் இருக்க மாட்டான் என்று எழுதி நிரந்தரமாக வெளியேறினார். அவர் மாதம் இரண்டு முறை நிரந்தரமாக வெளியேறுபவர். யாராவது 'போகாதீர்கள்' என்று எழுதுகிறார்களா என்று மூன்று நாள் பார்ப்பார், பிறகு தானே வந்து 'நண்பர்களின் வற்புறுத்தலால்' என்று தொடங்குவார். குழுவை நடத்தியவர் ராணுவக் கணக்குத் துறையில் இருந்தவர். 'இது கடைசி எச்சரிக்கை' என்று வாரம் ஒரு முறை எழுதுவார்.

டாக்குரியா ஸ்டேஷனுக்கு வெளியே இருக்கும் கடையில் நல்ல புளி கிடைக்கும் என்று நான் எழுதினேன். அதை யாரும் கவனிக்கவில்லை. சாம்பாரில் துளி வெல்லம் தப்பில்லை என்று எழுதியதற்கு மட்டும் 'ஐயாவே சொல்லிவிட்டார்' என்று ஒன்பது பேர் வணங்கினார்கள். வணங்காதவர் ஒருவர்தான், ஓய்வு பெற்ற வங்கி மேலாளர். நான் எதை எழுதினாலும் எண் போட்டு மறுப்பார். கடைசியில் 'முழு அபத்தம்' என்று முடிப்பார்.

உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு அந்த 'ஐயா' பிடித்திருந்தது. வீட்டிலோ, தெருவிலோ, அலுவலகத்திலோ நான் பேசி முடிக்கும்வரை யாரும் காத்திருந்ததில்லை. இங்கே காத்திருந்தார்கள். உண்மை தெரிந்தால் இதெல்லாம் போய்விடும் என்று பயமாக இருந்தது. என் சொற்களுக்கான மரியாதையை, அவர்கள் கற்பனையில் இருந்த ஓர் அதிகாரி வாங்கிக்கொண்டு போகிறாரே என்று எரிச்சலாகவும் இருந்தது.

அந்தப் பொங்கலுக்குக் குழுவினர் ஏரிக்கரைப் பக்கம் ஒரு மண்டபத்தில் கூடினார்கள். கார்டன் ரீச் ஐயா தலைமை தாங்க வேண்டும் என்று ஒருமனதாகத் தீர்மானித்தார்கள். நான் பதில் எழுதவில்லை. மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள். யாரென்று சொல்லாமல் ஒரு மூலையில் உட்கார்ந்து எல்லோரையும் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்பது என் திட்டம். தனியாக அனுப்ப மாட்டேன் என்று அப்பாவும் கிளம்பினார். பண்டிகைக்கு வைத்திருந்த வெள்ளை முழுக்கைச் சட்டை, நரைத்த மீசை.

வாசலில் குழு நடத்துபவர் கைகூப்பி, "எங்கேர்ந்து வர்றீங்க?" என்றார்.

"கார்டன் ரீச்" என்றார் அப்பா.

அவ்வளவுதான். மண்டபமே எழுந்து நின்றது. நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா மேடை நாற்காலியில் இருந்தார், தோளில் சால்வை இருந்தது.

"உங்களுக்காகத்தான் இவ்வளவு நேரம் காத்துட்டிருந்தோம் ஐயா!"

"எனக்கா?"

"பாத்தீங்களா, என்ன அடக்கம்!"

"ஐயா எந்த டிபார்ட்மெண்ட்?" என்று ஒருவர் கேட்டார்.

"ஸ்டோர்ஸ்."

"கன்ட்ரோலரா?"

"சாமான் தூக்குறேன்."

மண்டபம் குலுங்கிச் சிரித்தது. பெரிய மனிதர்களின் நகைச்சுவையே தனி என்று பக்கத்தில் ஓர் அம்மாள் தன் மகளிடம் விளக்கினார். கண்ணாடி போட்ட ஓர் ஒல்லி மனிதர் மட்டும் சிரிக்காமல் மேடைக்கு அருகே போனார். "சாம்பார் விஷயத்துல உங்க கருத்த நான் இன்னும் ஒத்துக்கல சார்." அவர்தான் வங்கி மேலாளர் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அப்பா யோசித்தார். "வீட்டுல என்ன வைக்கிறாங்களோ அதச் சாப்பிட்டுக்குவேங்க. நான் ஒண்ணும் சொல்றதில்ல."

கைதட்டல். "எவ்வளவு பக்குவம்!"

மைக்கை அப்பா கையில் கொடுத்தார்கள். அவர் அதைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தில் என்னைத் தேடினார். "பாப்பா, இவங்க யாரையோ நெனச்சிக்கிட்டு இருக்காங்கம்மா" என்றார். ஒலிபெருக்கி அதை மண்டபத்தின் நான்கு மூலைக்கும் கொண்டுபோனது.

மேடை ஏறினேன். "குழுவில எழுதற கார்டன் ரீச் நான்தான்" என்றேன்.

குழு நடத்துபவர் கனிவாக, "அப்பா சொல்லச் சொல்ல நீ டைப் பண்ணித் தருவியாம்மா?" என்றார்.

"இல்ல சார். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். அதுவும் நான் சொல்லிக்கொடுத்தது."

இதைப் பெருமையாகவே சொன்னேன். அப்பாவும் பெருமையாகத்தான் தலையாட்டினார். சால்வையை என்ன செய்வதென்று மேடையில் ஒரு சங்கடம் நிலவியது. அப்பா அதற்கு இடம் கொடுக்கவில்லை. சால்வையோடு இறங்கி, சால்வையோடு பந்தியில் உட்கார்ந்து, இரண்டு முறை சர்க்கரைப் பொங்கல் வாங்கிச் சாப்பிட்டு, சால்வையோடு பஸ் ஏறினார். "போட்டவங்க கேக்கலையே" என்றார்.

திங்கட்கிழமை ஒரு மணிக்குக் குழுவைத் திறந்தேன். தங்களுக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம்தான் என்று பதினான்கு பேர் எழுதியிருந்தார்கள். நிரந்தரமாக வெளியேறுபவர் வெளியேறியிருந்தார். மாப்பிள்ளைக்கு மாற்றல் கிடைத்தவர், அப்படியானால் தான் யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று குழம்பியிருந்தார்.

அவற்றைப் பார்த்துச் சிரிக்க முடிந்தது. அடுத்த சில நாட்கள்தான் கடினமாக இருந்தன. குழுவினர் பொதுவில் வைத்திருந்த புத்தக அலமாரிக்குப் பள்ளிப் பிள்ளைகளுக்கான தமிழ்ப் புத்தகங்களும் வாங்கலாம் என்று எழுதினேன். 'நல்ல முயற்சி மகளே' என்றார் ஒருவர். 'வயதுக்கு மீறிய சிந்தனை, வாழ்க' என்றார் இன்னொருவர். 'முதலில் உன் வேலையில் கவனம் செலுத்தம்மா' என்று மூன்றாமவர் ஆசீர்வதித்தார். புத்தகத்தைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. வெள்ளிக்கிழமை, இந்தக் குழுவிலிருந்து நிரந்தரமாக விலகுகிறேன் என்று நானே அடித்தேன். மூன்று பத்தி. மானம் என்ற சொல்லை இரண்டு இடத்தில் போட்டிருந்தேன். அனுப்பப் போகும் நேரத்தில் புதிதாக ஒரு பதில் வந்து விழுந்தது.

'கார்டன் ரீச் அவர்களுக்கு' என்று அது ஆரம்பித்தது. மகளே இல்லை, அம்மா இல்லை. புத்தக அலமாரித் திட்டம் ஏன் தவறு என்று ஒன்று முதல் பதினொன்று வரை எண் போட்டிருந்தது. நான்காவது எண்ணில், நான் எழுதியதை எழுத்து விடாமல் படித்தவர் மட்டுமே கண்டுபிடிக்கக்கூடிய ஓர் உண்மையான ஓட்டையைப் பிடித்திருந்தார். கடைசி வரி, 'முழு அபத்தம்.'

என் மூன்று பத்தியையும் அழித்தேன். வக்கீல் இரண்டு மணிக்கு வந்து, "என்ன இவ்வளவு வேகமா அடிக்கிறே, எந்தக் கேஸ்?" என்று வங்காள மொழியில் கேட்டபோது, சாப்பாட்டு டப்பா திறக்காமல் கிடந்தது. நான் மூன்றாவது எண்ணை உடைத்துவிட்டு, நான்காவதை என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.