மணாலி தேவதாரு காட்டில் மச்சானோடு ஸ்னோ ஷூ நடை

என் மகளுக்கு ஐந்து வயதாகியும் காது குத்தவில்லை. அதனால்தான் இந்தப் பிப்ரவரியில் மணாலிக்குப் போனோம். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

காது குத்தத் தாய்மாமன் மடி வேண்டும். என் மனைவி தேவிக்கு ஒரே தம்பி, ஏழுமலை. திருவாலங்காட்டில் நெல் பயிரிடுகிறான். இரண்டு வருடம் முன்பு அவன் புது வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு வைத்த பேனரில், வீட்டு மாப்பிள்ளையான என் படத்தை மாட்டு டாக்டர் படத்துக்குக் கீழே, கரன்ட் கம்பம் மறைக்கிற ஓரத்தில் போட்டிருந்தான். நான் சாப்பிடாமல் கிளம்பி வந்துவிட்டேன். இலை போட்ட பிறகு எழுந்து போய்விட்டார் என்று அவனும் முறுக்கிக்கொண்டான். அதோடு பேச்சு நின்றது. எங்கள் பக்கம் ஒற்றைப்படை வயதில்தான் காது குத்துவது வழக்கம். மூன்று வயது அந்தச் சண்டையில் போயிற்று. ஐந்தையும் விட்டால் ஏழுதான். பாப்பாவோ தினமும் கண்ணாடி முன்னால் நின்று, "எனுக்கு எப்பமா கம்மலு?" என்று கேட்கிறாள்.

ஒரு நாள் தேவி போனில் மூன்று டிக்கெட்டைக் காட்டினாள். "ஊர்ல வெச்சி உங்க ரெண்டு பேரையும் பேச வெக்க முடியாது. ஆளுக்கு நாலு பேரு ஏத்தி வுடறதுக்குன்னே கீறாங்க. யாரும் இல்லாத எடத்துக்கு இட்டுக்கினு போறேன்" என்றாள். எனக்குக் கும்மிடிப்பூண்டி எஸ்டேட்டில் இரும்புக் கம்பி உருட்டும் மில்லில் வேலை. உலைக்குப் பக்கத்திலேயே காலம் போகிறது, ஒரு தடவையாவது பனியைப் பார் என்றும் சேர்த்துக்கொண்டாள். பாப்பாவை மாமியாரிடம் விட்டுவிட்டுக் கிளம்பினோம்.

கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்ட்ரலுக்கு மின்சார ரயில், 48 கிலோமீட்டர், டிக்கெட் 15 ரூபாய். அங்கே டெல்லி வண்டியில் ஏறினால், அது திரும்பவும் எங்கள் ஊர் வழியாகவே, நிற்காமல் பறக்கும். என் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி ஜன்னலில் தெரிந்து மறைந்தது. இதற்காக ஒரு மணி நேரம் பின்னால் போய் வந்த எரிச்சல் எனக்கு ஆந்திரா தாண்டும் வரை அடங்கவில்லை.

எதிர் சீட்டில் மச்சான். டெல்லி வரைக்கும் முப்பத்து மூன்று மணி நேரமும் எங்கள் பேச்சு தேவி வழியாகத்தான். "அக்கா, மாமாவ கால கொஞ்சம் மடக்கிக்கச் சொல்லு." "தேவி, உன் தம்பிய கொறட்டய கொறச்சிக்கச் சொல்லு." நாக்பூரில் நாஷ்டா வாங்கினபோதுகூட என் பங்குக்கான சட்னி அவள் கை மாறித்தான் வந்தது. டெல்லியிலிருந்து மணாலிக்கு இரவு பஸ், ஆளுக்கு 1,200 ரூபாய், பதினான்கு மணி நேரம். வளைவுகளில் மச்சான் இரண்டு தடவை என் தோளில் சாய்ந்தான். தூக்கத்தில் செய்வது கணக்கில் சேராது என்று விட்டுவிட்டேன்.

மணாலிக்கு மேலே ஒரு கிராமத்தில்தான் நடை ஆரம்பம். ஸ்னோ ஷூ வாடகை ஆளுக்கு 600, வழிகாட்டிக்கு 2,500. வழிகாட்டி பெயர் பிரேம், சிரித்த முகம், ஹிந்தி மட்டும். என் ஹிந்தி, மில்லில் பீகார் பையன்களோடு வேலை செய்து வந்தது: தூக்கு, இறக்கு, தள்ளி நில், சுடும், தொடாதே. சுற்றுலாவுக்கு இது போதாது என்று சொல்பவர்கள் முயன்று பார்க்காதவர்கள்.

ஸ்னோ ஷூ என்பது பூட்ஸுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும் அகலமான பிளாஸ்டிக் தட்டு. அடியில் இரும்புப் பல் இருக்கும். உடம்பின் பாரத்தைப் பரப்பிவிடுவதால் கால் பனியில் புதையாது. காலை அகட்டி வைத்து நடக்க வேண்டும், அவ்வளவுதான். "சேத்துல நாத்து நட்றவனுக்கு இதெல்லாம் ஒரு மேட்டரா அக்கா?" என்று மச்சான் வேட்டி கட்டிய தோரணையில் நான்கு அடி வைத்தான். ஐந்தாவது அடியில் இடது தட்டின் மேல் வலது தட்டை வைத்துக் குப்புற விழுந்தான். நான் சிரிக்கவில்லை. திரும்பி நின்றுகொண்டேன், அவ்வளவுதான்.

அரை மணி நேரத்தில் தேவதாரு காடு வந்தது. கேலியை இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். ஒவ்வொரு மரத்தையும் நாங்கள் நான்கு பேர் கைகோர்த்தாலும் கட்டிப் பிடிக்க முடியாது. அண்ணாந்தால் தொப்பி பின்னால் விழுகிறதே தவிர உச்சி தெரியவில்லை. ஒரு சத்தமும் இல்லை. மில்லில் பதினோரு வருடம் இரைச்சலில் நின்ற காது, முதலில் அடைத்துவிட்டது என்றே பயந்தேன். எனக்கு அழுகை வந்தது. குளிரில் வருகிற கண்ணீர் என்று யாரும் கேட்காமலே தேவியிடம் சொன்னேன்.

இங்கே பிரேம் ஒன்று சொன்னான்: மரத்தடிக்குப் போகாதே. "தள்ளி நில்" என்பது என் ஹிந்தியிலேயே இருப்பதால் முழுதாகப் புரிந்தது. ஆனால் புரிந்து என்ன செய்வது? என் வாயால் சொன்னால் மச்சான் காதில் ஏறாது. தேவி மூலம் சொல்லலாம் என்றால் அவள் பின்னால் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் அந்த மரம் தெரிந்தது. எல்லாவற்றிலும் பெரியது. அடியில் சிவப்புத் துணி, சூலம், மணி. மச்சான் பார்த்த மாத்திரத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டான். ஜாக்கெட் பையிலிருந்து கற்பூரம் எடுத்தான். நேராக மரத்தடிக்குப் போய், சாமி முன்னால் செருப்போடு நிற்கலாமா என்று குனிந்து, ஸ்னோ ஷூவைக் கழற்றினான். பூட்ஸையும் கழற்றினான். ஓரமாக, ஜோடி சேர்த்து வைத்தான். திருவாலங்காட்டுக் கோயில் வாசலாக இருந்திருந்தால் டோக்கனும் வாங்கியிருப்பான்.

இதில் என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். அவன் வெறும் சாக்ஸோடு பக்திமானாக நிற்க, நான் மட்டும் செருப்போடு நின்றால் நாளைக்கு ஊரில் என்ன பேசுவான்? ஓட்டமாகப் போய் நானும் ஸ்னோ ஷூ, பூட்ஸ் இரண்டையும் கழற்றினேன்.

நிமிர்வதற்குள், இரண்டு பேர் பாரம் தாங்காமல் பனி உள்வாங்கி, இருவரும் இறங்கிவிட்டோம். அவன் இடுப்பு வரை, நான் அதற்கும் மேலே. கையில் கற்பூரம் மட்டும் நனையவில்லை. பக்கத்துப் பக்கத்தில், மரத்தைப் பார்த்தபடி, கும்பிட்ட கையோடு நின்றோம்.

"மாமா, ஒங்களுக்கு கால் தரைல தட்டுதா?" என்றான் மச்சான்.

"இல்ல மச்சான்."

"எனுக்கும் இல்ல."

இரண்டு வருடத்தில் நாங்கள் நேருக்கு நேர் பேசிய முதல் பேச்சு இதுதான். பிரேம் தலையில் கை வைத்துக்கொண்டு ஓடி வந்தான். தேவி ஓடி வரவில்லை. சிரிப்பு தாங்காமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

பிரேம் குப்புறப் படுத்துக் கையால் தோண்டி முதலில் மச்சானை எடுத்தான். பிறகு இருவரும் சேர்ந்து என்னை இழுத்தார்கள். அதற்குள் என் பாதம் இரண்டும் மரத்துப் போயிருந்தன. கிள்ளினால் தெரியவில்லை. சிரித்த முகம் மாறி, பிரேம் மச்சானின் வயிற்றைத் தொட்டுக் காட்டி ஏதோ சொன்னான். மச்சானுக்கு ஹிந்தி ஒரு வார்த்தை தெரியாது. ஆனாலும் புரிந்துகொண்டான். தட்டின் மேல் உட்கார்ந்து, ஜாக்கெட்டைத் திறந்து, என் ஈர சாக்ஸை உருவி, இரண்டு பாதத்தையும் மடியில் இழுத்து வெறும் வயிற்றோடு அணைத்துக்கொண்டான். "யப்பா!" என்று ஒரு தடவை கத்தினான். அப்புறமும் விடவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

பல் தந்தியடித்தாலும் கேட்டுவிட்டேன். "பாப்பாவுக்கு காது குத்தணும் மச்சான்."

"உங்க காலையே வெச்சிக்கினு கீறேன் மாமா. எம் பாப்பாக்கு மடி இல்லன்னு சொல்வனா?" என்றான்.

போக நினைப்பவர்களுக்கு: ஜனவரி, பிப்ரவரிதான் சரி. இரண்டு ஜோடி கம்பளி சாக்ஸ் கூடுதலாக வையுங்கள். வழிகாட்டி இல்லாமல் போகாதீர்கள். பெரிய மரத்தடியில் பனி இறுகாமல் பொலபொலவென்று ஆழமாகக் கிடக்கும். கிளைகள் மேலே தாங்கிக்கொள்வதால் அப்படி என்று கீழே வந்த பிறகு டீக்கடையில் விளங்கிற்று. கும்பிடுபவர்கள் எட்ட நின்று, காலில் போட்டதைப் போட்டபடியே கும்பிடுங்கள். அந்த ஊர்க்காரர்களும் அப்படித்தான் செய்கிறார்கள்.

பங்குனியில் திருவாலங்காட்டில் காது குத்தினோம். ஆசாரி ஊசியை எடுத்ததும் மச்சான் கண்ணை இறுக மூடிக்கொண்டான். மடியிலிருந்த பாப்பா ஒரு தடவை வீறிட்டாள், உடனே கண்ணாடி கேட்டாள், கம்மலைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள். மச்சான் கண்ணைத் திறக்காமலே, "முடிஞ்சிதா மாமா? முடிஞ்சிதா?" என்று என் கையைத் தேடினான். பிடித்துக்கொண்டேன். இன்னும் ஒரு காது இருக்கிறது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.