புளியமரத்துப் பல்லிகள்

சூளகிரிப் பக்கம் சாலையோரப் புளியமரங்களைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் அவர். ஏறுவதற்கு முன் அடிமரத்தில் உள்ளங்கையால் ஓங்கித் தட்டுவார். பட்டையோடு பட்டையாக ஒட்டியிருக்கும் மரப்பல்லிகள் மிதிபடாமல் விலகி ஓடும்.

மரத்துக்கு மரம் எண் கொடுத்து அந்தப் பல்லிகளைக் கணக்கெடுக்கப் போனேன். புளி பறிக்கும் துரட்டியை என் மார்புக்கு நேரே நீட்டினார்.

“போன வருசம் இப்டித்தான் ஒருத்தன் குருவி எண்ண வந்தான். அவன் எண்ணுன மரம் ஒண்ணுகூட இப்ப இல்ல. கெளம்புய்யா!”

“எழுதி வெச்சாத்தாங்க காப்பாத்த முடியும்.”

“அதையேதான் அவனும் சொன்னான்.”

முரட்டு ஆள் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே திரும்பினேன். மறுநாள் அவர் இல்லாத நேரம் பார்த்து எண்ணி முடித்து, மர எண்களோடு பட்டியலை அரசு அலுவலகத்தில் கொடுத்தேன்.

சில மாதம் கழித்து அந்த வழியே போனேன். சாலையை அகலப்படுத்த வெட்டுவதற்காக மரங்களில் வெள்ளைப் பெயின்ட்டால் எண் போட்டிருந்தார்கள். அவர் தட்டும் அதே இடத்தில், நான் கொடுத்த அதே எண்கள்.